தேவசிகாமணி எழுதிய குறைகள்

பைக்குள் போகமாட்டேன் என்று அடம்பிடித்தது டேப்லெட். தேவசிகாமணிக்கு அதில் ஒரே சந்தோஷம். 'குறை ஒன்று: பை கொள்ளாது' என்று மனத்துக்குள் குறித்துக்கொண்டார்.

பாளையங்கோட்டையில் ஒரு தனியார் பள்ளியில் அவர் தலைமை எழுத்தர். இந்த மாதக் கடைசியோடு ஓய்வு. இன்னும் ஒரு வருடம் வேலை நீட்டிப்புக் கேட்டு மனுப் போட்டிருந்தார். மகள் டார்லினுக்கு நர்சிங்கில் கடைசி வருடம் பாக்கி இருந்தது. அதுபோக, காலையில் கிளம்பிப் போக ஓர் இடம் இல்லாவிட்டால் தனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் என்ற பயமும் இருந்தது.

தாளாளர் குருபிரசாத் மனுவைப் பற்றி வாயே திறக்கவில்லை. அட்டெண்டன்ஸ் ரெஜிஸ்டர் அகலத்துக்கு இந்த டேப்லெட்டைத்தான் எடுத்து நீட்டினார்.

"ஆபீஸ் வேலைக்குன்னே செஞ்சதாம். அமைப்பு எப்படி, உபயோகப்படுமான்னு வீட்டுல வச்சு ஒரு வாரம் பாருங்க. பாத்துட்டு எழுதிக் குடுங்க."

தேவசிகாமணிக்கு விஷயம் விளங்கிவிட்டது. தன் நாற்காலியைப் பிடுங்க வந்த எமன் இதுதான். இதை ஒழித்துக்கட்டினால்தான் தனக்குப் பிழைப்பு.

"என்னங்க அதோட மல்லுக்கட்டுதிய? இங்கன குடுங்க" என்று வீட்டில் மனைவி கெசியா அதை வாங்கி, தன் வேதப்புத்தகப் பையில் லேசாகச் சொருகினாள். "அளவெடுத்துத் தச்ச மாதிரில்லா இருக்கு!"

முதல் குறை அத்தோடு காலி.

அடி பட்டால் தாங்காது என்று எழுதலாமே? மறுநாள் காலை மேலப்பாளையம் பஸ்ஸில், முட்டுவலியையும் பொறுத்துக்கொண்டு, இடிபடுவதற்கென்றே படிக்கட்டருகே நின்றார். வண்டி போட்ட பிரேக்கில் பை நழுவி, பக்கத்து ஆளின் முட்டை அட்டைமேல் விழுந்தது.

"என்ன சார், கண்ணு தெரியலியா?"

பதிமூன்று முட்டைகளுக்குத் தண்டம் அழுதார். டேப்லெட்டுக்கு ஒரு கீறல்கூட இல்லை. துடைத்ததும் முன்னைவிடப் பளபளத்தது.

கடைசி நம்பிக்கை, அவருடைய கையெழுத்து. கோழி கிண்டியது போல இருக்கும். ஆபீஸ் ரெஜிஸ்டர்களில் அவர் எழுதியதை அவரைத் தவிர யாருக்கும் வாசிக்க வராது. இருபத்தெட்டு வருடம் அவரை அந்த நாற்காலியிலிருந்து யாரும் அசைக்க முடியாமல் காப்பாற்றியதும் அதுதான். 'எங்கே, இதை வாசி பார்ப்போம்' என்று திரையில் பேனாவால் ஒரு வரி கிறுக்கினார். கண் மூடித் திறப்பதற்குள் அது பிசிறில்லாமல் அச்செழுத்தாகி நின்றது.

போதாதற்கு, சாயந்தரம் விடுதியிலிருந்து டார்லின் அதில் பேசினாள். கெசியா பூரித்துப்போனாள். "பிள்ள மூஞ்சி எம்புட்டுப் பெருசா தெரியுது பாருங்க! இத ஏன் திட்டுதிய?"

அவருக்கும் அது பிடித்துத்தான் தொலைத்தது. அதுதான் பெரிய ஆத்திரம்.

வெள்ளிக்கிழமை பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினார். தூக்கினால் கை வலிக்கிறது. வைத்தால் மேஜையை அடைக்கிறது. வெயிலில் நம் முகம்தான் தெரிகிறது. இப்படியே இரண்டு பக்கம். அச்செடுத்த தாளை இளநிலை எழுத்தர் ஸ்வீட்லின் எட்டிப் பார்த்தாள்.

"எவ்வளவு அழகா வந்திருக்கு சார்! எதுல அடிச்சிய?"

திக்கென்றது. அந்த டேப்லெட்டில்தான் எழுதியிருந்தார். இந்தத் தாளின் அழகைப் பார்த்தே தாளாளர் பத்து டேப்லெட் வாங்கிவிடுவாரே! சட்டென்று தாளைப் பிடுங்கி, அடியில் கையாலேயே, வாழ்க்கையில் முதல்முறையாக எல்லாருக்கும் புரியும்படி, எழுதினார்: 'அறுபது வயதுக்காரர் எவரையும் இதைக் கொடுத்து வதைக்க வேண்டாம். இதைக் கட்டிக்கொண்டு அழுவதைவிட வீட்டில் சும்மா இருப்பதே சுகம்.'

தாளும் டேப்லெட்டும் தாளாளர் அறைக்குள் போயின. அரைமணி நேரம் தேவசிகாமணிக்கு இருப்புக்கொள்ளவில்லை. உட்கார்ந்தார், எழுந்தார், இரண்டு தடவை தண்ணீர் குடித்தார்.

கடைசியில் பியூன் முத்துமாலை டேப்லெட்டோடு வெளியே வந்தார். "கடையிலயே திருப்பிக் குடுக்கச் சொல்லிட்டாவ சார்."

"அப்படிச் சொல்லும்வே!" தேவசிகாமணி மேஜையைத் தட்டினார். இந்த ஒரு வாரத்தில் இப்போதுதான் ஒழுங்காக மூச்சு வந்தது. "என் நீட்டிப்பு மனு என்னாச்சு? அதப் பத்தி ஏதும் பேசுனாவளா?"

முத்துமாலை தலையைச் சொறிந்தார்.

"முட்டுவலியோட பஸ்ஸுல அலைய வேண்டாம், இத வச்சு வீட்டுல இருந்தே இன்னும் ஒரு வருசம் வேல பாக்கட்டும்னு உங்களுக்கு ஆர்டர் போட்டு வச்சிருந்தாவ சார், நீங்க எழுதுனதப் படிச்சிட்டு இப்பத்தான் கிழிச்சிப் போட்டாவ."