மீன் தின்ற படகு

இனி என் படகை என் மைத்துனன் தொடக்கூடாது. ஒரு காலையில் வீராவேசமாக முடிவெடுத்தேன்.

ஒற்றை மரத்தை நானே குடைந்து செய்த படகு அது. என் மனைவி தொமித்திலாவின் தம்பி இசிதோரோ தினமும் வருவான். "மச்சான், படகு" என்பான். எடுத்துப் போவான். திரும்பும்போது படகில் சேறு இருக்கும், செதில் இருக்கும், துடுப்பு மட்டும் இருக்காது.

தரமாட்டேன் என்று சொல்லலாம். ஆனால் அதைத் தொமித்திலா முன்னால் சொல்ல வேண்டும். அதைவிடப் படகை உக்கயாலி ஆற்றில் மூழ்கடிப்பது சுலபம். அவள் வாழைத் தோட்டத்துக்குப் போன நேரத்தில் படகு நிறையக் கல்லைப் போட்டு, விழுந்துகிடந்த மரத்தடியில் முக்கிவிட்டேன். சான் ஹுவான் திருநாளுக்கு மெல்ல எடுத்துக்கொள்ளலாம்.

"படகு எங்கங்க?" என்றாள் வந்ததும்.

"கராச்சாமா தின்னுடுச்சு."

முழுப் பொய் இல்லை. கராச்சாமா மரம் தின்கிற மீன். உடம்பெல்லாம் கவசம். மூழ்கிய கட்டை கிடைத்தால் சுரண்டிக்கொண்டே இருக்கும்.

"முழுப் படகையுமா?"

"முன்பக்கம் ஆரம்பிச்சுது. நான் போறப்போ பின்பக்கமும் காலி."

"கட்டின கயிறு?"

"செம பசிபோல."

"மரம்னா விடாது போலிருக்கே. தினம் ஆத்துல முங்கிக் குளிக்கிறீங்க, உங்க தலையை மட்டும் எப்படி விட்டுவச்சுது?"

நம்பிவிட்டாள் என்று எனக்குப் பரம சந்தோஷம். ஊர் முழுக்க அதே கதையைச் சொன்னேன். இசிதோரோவும், "ஐயோ பாவம் மச்சான்" என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனான்.

சில நாள் கழித்து மீன்சாறு வைத்தாள். கிண்ணம் கொள்ளாத கராச்சாமா.

"எங்க பிடிச்சே?"

"அந்த விழுந்த மரத்தடியிலதான். படகு சாப்பிட்ட மீனாச்சே, நல்லாக் கொழுத்திருக்கு."

"கையில வேற ஏதாவது பட்டுதா?"

"வேற என்ன இருக்கப்போகுது? சாப்பிடுங்க."

இன்னொரு கிண்ணம் வாங்கிக் குடித்தேன்.

திருநாளுக்கு முந்தின நாள் முங்கிப் பார்த்தேன். கல்லெல்லாம் அழகாக அடுக்கியிருந்தது. படகைக் காணோம்.

மறுநாள் காலை, ஊரே கரையில் நிற்க, நீலச் சாயம் பூசிய படகில் இசிதோரோ வந்து இறங்கினான்.

"புதுசா?" என்றேன்.

"ஆத்தடியில கிடைச்சுது மச்சான். எவனோ கிறுக்கன் கல்லைப் போட்டு முக்கியிருக்கான்."

தொமித்திலா இலையில் கட்டிய சோற்றுப் பொட்டலங்களோடு படகில் ஏறி, நிதானமாகப் பாவாடையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தாள்.

"யாருதுன்னு தெரியுமாங்க? தெரிஞ்சாச் சொல்லுங்க, இப்பவே திருப்பிக் குடுக்கச் சொல்றேன்."

ஊரே என்னைப் பார்த்தது.

"தெரியாது," என்றேன்.

இசிதோரோ ஒரு தகர டப்பாவை என் கையில் திணித்தான்.

"அப்ப ஏறுங்க மச்சான். தண்ணி இறைக்க ஒரு ஆள் வேணும்."