ஆறு ஓட்டைகளும் ஓர் ஆணியும்

ஒரு எலெக்ட்ரிக் கிதாரை என் கையாலேயே செய்து முடிப்பது என்று சபதம் எடுத்தேன். பின்னறை என்னிடமே இருக்க அது ஒன்றுதான் வழி. பல் டாக்டரான என் மனைவி கறாராகச் சொல்லிவிட்டாள்.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள முடிக்கலைன்னா அந்த ரூம் எனக்கு. உங்க குறட்டையில மத்தியானம் கண்ணை மூட முடியல."

கிதாரின் உடலை அறுத்து இழைத்தாயிற்று. பாக்கி ஆறு ஓட்டைகள். கம்பிகள் அதன் முதுகில் நுழைந்து வயிற்றில் வெளிவர வேண்டும். ட்ரில்லை ஸ்டாண்டில் மாட்டச் சோம்பல். திங்களன்று முதல் ஓட்டையைக் கையில் பிடித்தே போட்டேன். திருப்பிப் பார்த்தால், முதுகில் ஒரு விரற்கடை தள்ளி வந்திருந்தது. அறையைப் பூட்டி, சாவியைப் பையில் போட்டு, மத்தியானம் சாப்பிட்டுப் படுத்துவிட்டேன்.

எழுந்துபோய்த் திறந்தேன். இரண்டாவது ஓட்டை இருந்தது. நான் போடாத ஓட்டை! முன்னும் பின்னும் நூல் பிடித்தாற்போல நேர். ட்ரில் தானாகவே ஸ்டாண்டில் ஏறி நின்று குனிந்து பார்த்தது. அதற்கு நேர் கீழே மேஜையில் ஒரு சின்ன ஆணி, கூர் மேலே பார்த்தபடி. அறையில் சத்தமே இல்லை. ஓடினேன்.

"நீ அந்த ரூமுக்குள்ள போனியா?"

"சாவி உங்க பையிலதானே இருக்கு?"

"ஓட்டை தானா விழுந்திருக்குடி!"

அவள் குரலைத் தாழ்த்தினாள். "முன்னாடி இங்க ஒரு தச்சர் குடியிருந்தாராம். அந்த ரூம்லதான் வேலையாம். ஒரு நாள் வேலையைப் பாதியில விட்டுட்டு..."

"விட்டுட்டு?"

"வீட்டுக்காரம்மா அதுக்கு மேல சொல்லல. நானும் கேக்கல."

மீதியை என் மூளையே சொல்லிக்கொண்டது.

செவ்வாய் மூன்றாவது. புதன் நான்காவது. மத்தியானத் தூக்கத்தில் எங்கோ 'கிர்ர்' என்று கேட்கும். என் குறட்டைதான் என்று புரண்டு படுப்பேன். வியாழன் ஐந்தாவது. விரலை விட்டுப் பார்த்தேன். வெதுவெதுப்பாக இருந்தது. வெள்ளி ஆறாவது. சனிக்கிழமை, என் கோணல் ஓட்டையைக் காணவில்லை! மரக்கட்டை வைத்து அடைத்து, இழைத்து, நேராக வேறொன்று போட்டிருந்தது. என் தப்பைத் திருத்தும் அளவுக்கு அது என்னைக் கவனித்திருக்கிறது. அழுகையே வந்துவிட்டது.

"அந்த ரூமே வேணாம். நீயே வெச்சுக்கோ!"

"எனக்கும் பயமா இருக்காதா?"

"உன்னைப் பார்த்துத்தான் ஊரே பயப்படுது. எடுத்துக்கோ தாயே!"

"சரி, உங்களுக்காக." சாவியை வாங்கித் தன் கொத்தில் கோத்தாள். அங்கே ஏற்கெனவே அதே மாதிரி ஒன்று தொங்கியது.

"இது என்ன?"

"டூப்ளிகேட்."

"அப்போ அந்தத் தச்சர்?"

"அடுத்த தெருவுல நல்லா இருக்கார். போன வாரம்தான் கடைவாய்ப் பல்லை அடைச்சேன். ஆணி யோசனை அவரோடதுதான். முன்பக்கம் பாதி போட்டு, அந்த ஓட்டையை ஆணிமேல உக்கார வெச்சு, பின்பக்கம் மீதியைப் போட்டா நேரா வந்து சேருமாம்."

"நீயா போட்டே?"

"தலையை ஆட்டி ஆட்டி அழுறவங்களுக்கே நேரா போடறேன். இது பாவம், அசையாமப் படுத்திருக்கு. நாளைக்குக் கம்பி மட்டும் மாட்டியிருந்தா ரூம் உங்களுதுதான்."

கம்பியையும் அவளே மாட்டி, ஸ்பீக்கரையும் இணைத்துவிட்டாள். பாட்டெல்லாம் அவளுக்குத் தெரியாது. நான் குறட்டை விடும்போது மட்டும் ஆறு கம்பியையும் சேர்த்து ஒரே இழுப்பாக இழுக்கிறாள்.