சென்னை மாதவிக்கு ஒரு வாத்தியார்

“இந்த வேலையில அப்படி என்ன கஷ்டம், கமலநாதன்?” என்று மீட்டிங்கில் கேட்டார் முதலாளி ராஜன்.

அடக்கமாகப் பேசுகிறவனுக்குச் சம்பளம் கூடும் என்று கமலநாதன் எங்கேயோ கேள்விப்பட்டிருந்தான்.

“ஒண்ணும் இல்ல பாஸ். யாருக்கு வேணும்னாலும் நான் கத்துக் கொடுத்துடுவேன்.”

சம்பளம் கூடவில்லை. அடுத்த திங்கட்கிழமை ராஜன் அவனைக் கூப்பிட்டு, “கத்துக் கொடு” என்றார்.

பிரிக்ஃபீல்ட்ஸில், வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது அந்த அலுவலகம். வீடுகளுக்குத் தண்ணீர் வடிகட்டும் மெஷின்களை மாதவாடகைக்கு விடும் கம்பெனி. மெஷின் ஒழுகினால், நாறினால், அல்லது பேயடித்தது போல் ராத்திரியில் தானாகச் சத்தம் போட்டால் ஜனங்கள் போன் செய்து திட்டுவார்கள். அந்தத் திட்டுகளை வாங்கிக்கொள்வதுதான் கமலநாதனின் உத்தியோகம். தமிழ், மலாய், ஆங்கிலம் என்று மூன்று மொழியிலும் சரளமாகத் திட்டு வாங்குவான்.

இனி அந்தத் திட்டுகளைச் சென்னையில் ஒரு கம்பெனி மொத்தமாக, மலிவாக வாங்கிக்கொள்ளப் போகிறது. அங்கிருந்து மாதவி என்று ஒரு பெண் கம்ப்யூட்டர் வழியாகப் பாடம் படிக்க வருவாள்.

“அவ கத்துக்கிட்ட பிறகு நான் என்ன செய்றது, பாஸ்?”

“அதைப் பிறகு பார்க்கலாம்.”

ஒழுகும் மெஷின்காரர்களுக்குக் கமலநாதன் தினமும் சொல்கிற பதில் அதுதான்.

சாயங்காலம் கொமுட்டர் ரயிலில் உட்கார இடம் கிடைத்தும் உட்காராமல், கிள்ளான் வரை கதவோரம் நின்றபடியே போனான். வீட்டில் தங்கமணி கேட்டாள்.

“என்னங்க, மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?”

“சென்னையில ஒரு பொண்ணுக்கு வேலை கத்துக் கொடுக்கச் சொல்லியிருக்காங்க.”

“ட்ரெய்னரா? ஐயோ, ப்ரமோஷனா!”

அவன் வாயைத் திறப்பதற்குள் செய்தி குடும்ப வாட்ஸ்ஆப் குரூப்புக்குப் போய்விட்டது. அவள் அண்ணன் தம்புசாமி கேரி தீவிலிருந்து உடனே பதில் போட்டார். “வெள்ளிக்கிழமை நண்டோட வரேன். மாப்பிள்ளைக்கு விருந்து.”

இல்லை என்று சொல்ல இன்னும் நேரம் இருந்தது. ஆனால் தங்கமணி அவனுக்கு ஒரு முட்டை அதிகமாகப் பொரித்து வைத்தாள். கல்யாணமான புதிதில் நடந்தது; அதற்குப் பிறகு இப்போதுதான். அவனால் சொல்ல முடியவில்லை.

ஒரே வழிதான் இருந்தது. மாதவிக்கு எல்லாவற்றையும் தப்பாகச் சொல்லிக் கொடுப்பது. கஸ்டமர்கள் கொதித்து எழுவார்கள். ராஜன் ஓடி வந்து, ‘நீ இல்லாம முடியாதுப்பா’ என்று காலில் விழாவிட்டாலும் தோளிலாவது கை போடுவார்.

மறுநாள் கம்ப்யூட்டரில் மாதவியின் முகம் தெரியவில்லை. குரல் மட்டும் வந்தது.

“வணக்கம் சார். தங்களிடம் பயில்வதில் மிக்க மகிழ்ச்சி.”

கமலநாதனுக்குச் செய்தி கேட்பது போல் இருந்தது.

“இங்க இப்படிப் பேசினா போனை வச்சிடுவாங்கம்மா. பேச்சுல எங்க ஊரு ‘லா’ வரணும்.”

“எந்த இடத்தில் போட வேண்டும் சார்?”

“உப்பு மாதிரி போடு. அதுக்கெல்லாமா அளவு சொல்லுவாங்க?”

“சரிலா சார்.”

கச்சிதமாக விழுந்தது. நம்மிடம் ஏதோ ஒரு வாத்தியார் ஒளிந்திருக்கிறார் என்று ஒரு விநாடி அவனுக்குப் பெருமை வந்தது. பிறகு திட்டம் ஞாபகம் வந்தது.

“முதல் பாடம். கஸ்டமர் கத்தினா பதிலே பேசக் கூடாது. கம்முனு இருக்கணும்.”

“அவர் மேலும் கோபப்பட மாட்டாரா சார்?”

“நான் சொல்றதைச் செய்மா.”

மத்தியானம் ராஜன் சிரித்துக்கொண்டே வந்தார். பூச்சோங்கிலிருந்து ஒரு கஸ்டமர் மாதவியிடம் மூச்சு முட்டும் வரை கத்திவிட்டு, ‘இந்தக் கம்பெனியில முதல் தடவையா ஒரு ஆள் நான் சொல்றதைக் கேட்டிருக்கா’ என்று நன்றி சொன்னாராம்.

கமலநாதன் கீழே இறங்கிப் போய் ஒரு கோப்பி குடித்தான். மேலே வந்தான். உட்கார முடியவில்லை. மறுபடி இறங்கிப் போய் இன்னொரு கோப்பி குடித்தான். கடைக்காரர், “என்னண்ணே, மேல லிஃப்ட் செக் பண்ற வேலையா?” என்று கேட்டார்.

புதன்கிழமை பாடத்தை இன்னும் கெடுத்தான்.

“யார் போன் பண்ணாலும் மெஷினைப் பத்தி உடனே பேசக் கூடாது. மலாய்ல ‘சூடா மாக்கான்?’ன்னு கேளு. சாப்பிட்டாச்சான்னு அர்த்தம். என்ன கறி, யாரு சமைச்சான்னு இழுத்துக்கிட்டே போ.”

“எவ்வளவு நேரம் சார்?”

“அவங்களுக்கு மெஷின் மறந்து போற வரைக்கும்.”

ஷா ஆலமில் ஒரு மலாய் அம்மா மாதவியிடம் மீன் குழம்பைப் பற்றிப் பேச ஆரம்பித்து, மருமகளைப் பற்றிப் பேசி முடித்து, புகாரை வாபஸ் வாங்கிக்கொண்டு, மருமகள் வீட்டுக்கும் ஒரு மெஷின் கேட்டுவிட்டார்.

“என்னப்பா இது, மலாய்ல பிச்சு உதறுறா!” என்றார் ராஜன். “ஒரே நாள்ல எப்படிக் கத்துக் கொடுத்த?”

“எல்லாம்... அடிப்படைதான், பாஸ்” என்றான் கமலநாதன். அடக்கம் அவனை விடுவதாக இல்லை.

கடைசி அஸ்திரமாக அய்யாவு இருந்தார். ஸ்ரீ கெம்பாங்கானில் வீடு. அவர் பெயர் திரையில் வந்தால் கமலநாதனே கழிப்பறைக்குப் போய்விடுவான். போன டெக்னீஷியன்கள் எல்லாரும் மெஷினில் குறையில்லை என்று சொல்லி, அவரிடம் திட்டு வாங்கித் திரும்பியவர்கள்.

வியாழக்கிழமை அந்தப் போனை மாதவிக்குத் தள்ளினான்.

“இவர்கிட்ட மட்டும் எடுத்த எடுப்புல ‘தப்பு உங்க மேலதான்’னு சொல்லிடு.”

“நிச்சயமாகவா சார்?”

“நிச்சயமா.”

இரண்டு மணி நேரம் அவன் மேசையைச் சுற்றிச் சுற்றி நடந்தான். போன் வரவில்லை. அய்யாவுவே வந்தார், கையில் ஒரு கட்டு நாசி லெமாக் சோற்றோடு.

“யாரு தம்பி அந்தப் பொண்ணு? ‘அங்கிள், தப்பு உங்க மேலதான்லா, மெஷினைத் தனியா ஓடவிட்டுட்டுத் தனியா உட்கார்ந்திருக்கீங்க, பையனுக்குப் போன் பண்ணுங்க’ன்னு சொல்லிச்சு. பண்ணேன். மூணு வருஷமா பேசல. ஞாயித்துக்கிழமை வரானாம்.” அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “மெஷின் நல்லாத்தான் இருக்கு.”

கமலநாதனுக்கும் கண் கலங்கியது. அய்யாவுக்காகப் பாதி, தனக்காகப் பாதி.

ராஜன் தோளில் கை போட்டார். திட்டத்தில் அது மட்டும்தான் நடந்தது.

“அருமையான வாத்தியார்ப்பா நீ! ஒரு மாசம் ஆகும்னு நெனச்சேன். நாளையோட முடிச்சுக்கலாம்.”

“பாடத்தையா, பாஸ்?”

“எல்லாத்தையும்.”

வெள்ளிக்கிழமை நண்டு கழுவப்படும் படங்களாகத் தங்கமணி அனுப்பிக்கொண்டே இருந்தாள். ‘மாப்பிள்ளை ட்ரெய்னர் எப்ப வராரு?’ என்று தம்புசாமி குரல்செய்தி வேறு. கமலநாதன் எழுந்தான், உட்கார்ந்தான், ஜன்னலுக்குப் போனான், திரும்பி வந்தான். ரயிலில் ஏறி கிள்ளானைத் தாண்டி, தண்டவாளம் முடிகிற இடம் வரை போய்விடலாமா என்று கூட நினைத்தான். அப்புறம் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டான்.

“மாதவி, இது கடைசி வகுப்பு. பாடம் இல்ல. ஒண்ணே ஒண்ணு கேக்குறேன்.”

“கேளுங்கள் சார்.”

“நான் சொல்லிக் கொடுத்தது பூராவும் தப்பும்மா. வேணும்னேதான் செஞ்சேன். எனக்கு இந்த வேலையை விட்டா வேற தெரியாது, வீட்டுல நண்டு வேற காத்துக்கிட்டு இருக்கு. உன் மேல கோபம் இல்ல. ஆனா எங்க ஊரையே பார்க்காத நீ எப்படி எங்க ஆளுங்களை இப்படிப் புடிச்ச? நேரா பதில் சொல்லு.”

பதிலுக்குப் பழைய பேப்பர் வாங்கும் லோரி ஒன்று ஒலிபெருக்கியில் மலாயில் கத்திக்கொண்டு போனது: “சுராட் காபார் லாமா... சுராட் காபார் லாமா...”

கமலநாதன் ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு ஜன்னலை எட்டிப் பார்த்தான். தெருவில் லோரி எதுவும் இல்லை. திரும்ப மாட்டினான். லோரி இன்னும் ஹெட்ஃபோனுக்குள்தான் போய்க்கொண்டிருந்தது.

“அண்ணே,” என்றாள் மாதவி, இதுவரை அவன் கேட்டிராத குரலில், “நான் கிள்ளான் பண்டமாரான் பொண்ணுலா, நம்மாளுங்ககிட்டப் பேச அங்க யாருக்கும் வரலன்னு அந்தச் சென்னைக் கம்பெனி என்னை வீட்டுலருந்தே வேலைக்கு எடுத்திருக்கு; இன்னும் ஒரு ஆள் வேணும்னாங்க, உங்க பேரைக் கொடுத்து ஓகேவும் வாங்கிட்டேன், திங்கக்கிழமைலருந்து இதே வேலைதான், ஆனா உங்க பாஸ்கிட்ட மட்டும் சென்னைக்காரர் மாதிரி பேசணும், அதுதான் கொஞ்சம் கஷ்டம், பயப்படாதீங்க, நான் கத்துக் கொடுத்துடுறேன்.”