ஒருகொடவத்தைக்குப் போன பெற்றோல் வரிசை

எதையும் தூரத்தில் வைத்துப் படிக்கும்வரை ஆபத்தில்லை. நான் எண்ணெயை ஆறு வருடம் தூரத்தில் வைத்துப் படித்தேன். குளிர்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் நூலகத்தில் உட்கார்ந்து, எண்ணெய் அரசியல், காலநிலை மாற்றம், சர்வதேச முரண்பாடு என்ற மூன்றையும் ஒரே ஆய்வேட்டில் போட்டுக் கட்டி, கலாநிதிப் பட்டமும் வாங்கிக்கொண்டு கொழும்புக்குத் திரும்பினேன். எந்த நீரிணையை யார் மூடினால் எந்த நாட்டில் விலை ஏறும் என்று கேட்டால் நித்திரையிலும் சொல்வேன். எங்கள் காரின் பெற்றோல் மூடி இடது பக்கமா வலது பக்கமா என்று கேட்டால் இறங்கிப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். (இன்றைக்கும் அப்படித்தான்.)

நான் என்ன படித்தேன் என்பது வெள்ளவத்தையில் எங்கள் சொந்தக்காரர் ஒருவருக்கும் பிடிபடவில்லை. எண்ணெய் என்ற சொல் மட்டும் பிடிபட்டது. மாமி ஒருநாள் என்னைச் சமையலறைக்குள் கூப்பிட்டு, இரண்டு போத்தல்களை முன்னால் வைத்து, "கொலஸ்ற்ரோலுக்கு எது பிள்ளை நல்லது, தேங்காயெண்ணெயோ நல்லெண்ணெயோ?" என்று கேட்டார். அது என் துறை இல்லை என்றேன்.

"அப்ப ஆறு வருசமா அங்க என்னத்தைப் படிப்பிச்சவங்கள்?" என்று சொல்லிப் போத்தல்களைத் திருப்பி எடுத்து வைத்தார்.

நாட்டில் பெற்றோல் இல்லாத காலம் வந்தபோது என்னை வரிசைக்கு அனுப்பியது இந்தக் குடும்பம்தான்.

மாமாவின் மகள் தர்சினிக்கு அப்போது கல்யாணம். வீடு வெள்ளவத்தையில், மண்டபம் கொட்டாஞ்சேனையில். பொம்பிளையை ஏற்றிப் போக இருந்தது மாமாவின் பழைய கார் ஒன்றுதான். அதன் பெற்றோல் முள்ளு சிவப்புக் கோட்டில் படுத்துக் கிடந்தது. கல்யாணத்துக்கு முதல்நாள் காலையில் மாமா கார்ச் சாவியை என் முன்னால் நீட்டினார்.

"எனக்கு மண்டபத்து அலுவல் கிடக்கு. நீ போய் லைன்ல நில்லு. நீ எண்ணெயிலதானே டொக்டர்."

"மாமா, நான் படிச்சது எண்ணெய் அரசியல்."

"இப்ப அரசியலாலதானே எண்ணெய் இல்லை. உனக்குத் தோதான வேலை."

மாமா வங்கி முகாமையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கடன் கேட்டு வருபவர்களை ஒரே வசனத்தில் எழுப்பி அனுப்பிப் பழகியவர். நான் சாவியை வாங்கிக்கொண்டேன்.

காலி வீதியில் பெற்றோலுக்கு ஒரு வரிசை, டீசலுக்கு ஒரு வரிசை. எனக்கு முன்னால் முச்சக்கர வண்டிக்கு வெளியே காலை நீட்டிக்கொண்டிருந்தவர் கொட்டாஞ்சேனை ரவி. பக்கத்து டீசல் வரிசையில், எனக்கு நேரே, ஒரு சின்ன லொறி. அதன் சொந்தக்காரர் நஸீர் நானா, புறக்கோட்டையில் கருவாட்டு வியாபாரம். லொறியில் கருவாடு இல்லாவிட்டாலும் மணம் இருந்தது. எரிபொருள் நிரப்பும் செட்டில் பெற்றோலும் இல்லை, டீசலும் இல்லை. எண்ணெய் ஏற்றி வரும் பவுசர் லொறி வரும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். யார் சொன்னது என்று கேட்டால், முன்னுக்கு நிற்பவர் சொன்னார் என்றார்கள்.

நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் ரவி, "மிஸ் எங்கயாச்சும் டீச்சரா?" என்று கேட்டார். லெக்சரர் என்றேன். என்ன பாடம் என்றார். சொன்னேன்.

ரவி காலை உள்ளே இழுத்துக்கொண்டார். "நானா, இங்க வாங்க. இந்த மிஸ் பெற்றோல் டொக்டராம்."

நஸீர் நானா லொறியிலிருந்து இறங்கி வந்தார். அவருக்குப் பின்னால் இன்னும் எட்டொன்பது சாரதிகள். ஒருவர் எனக்குக் குடை பிடித்தார். என் வாழ்க்கையில் என் துறையைப் பற்றி ஒருவர் குடை பிடித்துக் கேட்டது அதுதான் முதல் தடவை. (பல்கலைக்கழகத்தில் கதவைப் பூட்டினால்தான் கேட்பார்கள்.)

"நீங்க செல்லுங்க தங்கச்சி, இங்க பவுசர் வருமா வராதா?" என்றார் நானா.

சரியான பதில் "தெரியாது" என்பதுதான். கலாநிதிப் பட்டம் வாங்கியவரின் வாயிலிருந்து இலேசில் வெளியே வராத சொல் அது. நான் காரின் பொனெட்டில் படிந்திருந்த தூசியில் விரலால் உலக வரைபடம் கீறத் தொடங்கினேன். வளைகுடாவைக் கீறினேன், நீரிணையைக் கீறினேன், கப்பல் வரும் பாதையைக் கீறினேன். டொலர் இல்லாத நாடு கப்பலை எப்படி இறக்கும் என்று விளக்கினேன். நடுவில் காலநிலை மாற்றத்தையும் விடவில்லை. உலகம் தப்பிப் பிழைக்க வேண்டுமென்றால் எல்லா நாடுகளும் பெற்றோல் பாவிப்பதைக் குறைக்க வேண்டும் என்றேன்.

ரவி யோசித்துவிட்டு, "அப்ப நம்ம நாடுதான் மிஸ் பர்ஸ்ட்டு" என்றார்.

பேச்சின் சூட்டில் நான் முடிவுக்கு வந்தேன். டொலர் வேண்டுமென்றால் ஏற்றுமதி நடக்க வேண்டும். ஏற்றுமதி நடக்க வேண்டுமென்றால் கொள்கலன்கள் ஓட வேண்டும். கொள்கலன்கள் நிற்பது ஒருகொடவத்தையில். எண்ணெய்த் தாங்கிகள் இருக்கும் கொலன்னாவையும் அதற்குப் பக்கம். பவுசருக்கும் எரிபொருள் மிச்சம். ஆகவே அரசுக்கு மூளை இருந்தால் முதல் பவுசர் ஒருகொடவத்தைக்குத்தான் போகும். "இங்க இண்டைக்கு வராது" என்று சொல்லி, பொனெட்டில் ஒருகொடவத்தையைக் குறித்து அதைச் சுற்றி ஒரு வட்டமும் போட்டேன்.

அந்த வட்டத்தைப் போட்டிருக்கக்கூடாது. சாரதிகள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். குடை பிடித்தவர் குடையை மடக்கினார். ரவி வண்டியை வரிசையிலிருந்து தள்ளி எடுத்தார். நான் பேசியது ஒரு கருதுகோள்தான் என்று சொல்ல வாயெடுக்கும்போது பதினொரு வாகனங்கள் திரும்பிவிட்டன.

"வாங்க மிஸ், நீங்க முன்னுக்கு போங்க" என்றார் ரவி.

நான் வரவில்லை என்று சொல்லியிருந்தால், சொன்னவளுக்கே அதில் நம்பிக்கை இல்லை என்று ஆகியிருக்கும். ஆய்வேட்டை எழுதும்போதும் எனக்கு இதே பிரச்சினை இருந்தது. ஆகவே முன்னுக்குப் போனேன். கிருலப்பனை, நாரஹேன்பிட்டி, பொரளை, தெமட்டகொடை என்று பேஸ்லைன் வீதி முழுக்க என் பின்னால் பதினொரு வாகனங்கள் ஊர்வலமாக வந்தன. வெறும் வீதியில் இத்தனை வாகனங்கள் ஒன்றாகப் போவதைப் பார்த்துச் சனம் யாரோ அமைச்சர் போகிறார் என்று நினைத்தது. கண்ணாடியில் பார்த்தபோது பெருமையாகவும் இருந்தது. அதை மறைக்க மாட்டேன்.

ஒருகொடவத்தைச் செட்டில் உண்மையாகவே பவுசர் நின்றது. நான் காரை நிறுத்தி, கதவைத் திறந்து, ஒரு காலை வெளியே வைத்து, பின்னால் வந்தவர்களைப் பார்த்து இலேசாகத் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலை நினைத்தால் இன்றைக்கும் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொள்ளத் தோன்றும்.

செட்டில் நின்றவர் என்னிடம் வந்தார். "பெற்றோல் நே மிஸ். டீசல் விதரய்."

பெற்றோல் இல்லை, டீசல் மட்டும். லொறிகளுக்காக நடக்கும் செட். பெற்றோல் பம்பே அங்கு கிடையாது, ஒருநாளும் இருந்ததில்லையாம். என் தர்க்கத்தில் ஒரு பிழையும் இல்லை. அரசுக்கும் மூளை இருந்தது. கொள்கலன் லொறி பெற்றோலில் ஓடாது என்ற ஒரே ஒரு விடயத்தைத்தான் நான் ஆறு வருடத்தில் கவனிக்காமல் விட்டிருந்தேன்.

அப்போது மாமா தொலைபேசியில் வந்தார். எனக்குச் சாப்பாட்டுப் பார்சலோடு காலி வீதி வரிசைக்கு வந்திருக்கிறார்.

"பிள்ளை, எங்க நிக்கிறாய்? இஞ்ச பவுசர் வந்து எல்லாருக்கும் அடிக்குது. உன்னைக் காணேல்லை."

"மாமா, நான் ஒருகொடவத்தையில."

மாமாவுக்குப் பின்னால் பம்ப் ஓடும் சத்தம் தெளிவாகக் கேட்டது.

"அங்க ஆரோட போனனீ?"

"லைனோட" என்றேன்.

மாமா சொன்னதை நான் மறைத்திருக்கலாம். ஆனால் தொலைபேசி ஸ்பீக்கரில் இருந்தது. ஓடக்கூடிய அளவு பெற்றோல் மிச்சமிருந்த மூன்று பேர் உடனே வெள்ளவத்தைக்குத் திரும்பி ஓடினார்கள். (அவர்கள் போய்ச் சேரும்போது செட்டில் சங்கிலி கட்டியாயிற்றாம்.) மற்றவர்கள் என்னைச் சுற்றி நின்றார்கள். குடை பிடித்தவர் இப்போது குடையை வேறு விதமாகப் பிடித்துக்கொண்டிருந்தார்.

முரண்பாட்டுத் தீர்வு என்று ஒரு பாடம் நான் கற்பிக்கிறேன். முதலில் ஒவ்வொரு தரப்பும் தனக்கு என்ன வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டும் என்பது அதில் முதல் அத்தியாயம். வேறு வழி தெரியாமல் அதையே செய்தேன். "ஒவ்வொருத்தரா உங்களுக்கு என்ன வேணும் எண்டு சொல்லுங்கோ" என்றேன்.

"பெற்றோல்" என்றார் முதலாமவர். இரண்டாமவரும் பெற்றோல் என்றார். வட்டம் சுற்றி ரவியிடம் வந்து முடிந்தது. எல்லாத் தரப்பும் ஒரே விடயத்தைக் கேட்டும் தீராத முரண்பாடு ஒன்றை அன்றுதான் பார்த்தேன். பாடப்புத்தகத்தில் அதற்கு அத்தியாயம் இல்லை.

காப்பாற்றியவர் நஸீர் நானா. லொறிக்கு டீசல் நிரப்பிக்கொண்டு சிரித்தபடி வந்தார். முழு ஊர்வலத்திலும் என் ஆராய்ச்சியால் பயன்பெற்றவர் அவர் ஒருவர்தான். "உடுங்க, உடுங்க. அந்தப் புள்ள பொய் செல்லலயே. எனக்கு டீசல் கெடச்சிச்சே" என்று எல்லோரையும் விலக்கினார். மாமாவின் கார் அதற்குள் முற்றாக நின்றுவிட்டது. நானா ஒரு கயிற்றை எடுத்து அதை லொறியில் கட்டினார். வந்த அதே பேஸ்லைன் வீதியால், கருவாட்டு மணத்துக்குப் பின்னால், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இழுபட்டு வீடு வந்து சேர்ந்தேன். பொனெட்டில் அந்த வரைபடம் அப்படியே இருந்தது.

வீட்டில் தர்சினி இரண்டு கைகளுக்கும் மருதாணி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் நடந்ததைச் சொன்னேன். அவள் முழுவதையும் கேட்டாள்.

"மருதாணி காயட்டும், உனக்குக் கிடக்கு" என்றாள். பிறகு அவளுடைய வாய் கோணத் தொடங்கியது. "நாளைக்கு நான் எதில போறது, சுபா?"

அதுவரை எனக்கு வெட்கம் மட்டும்தான் இருந்தது. அவள் அப்படிக் கேட்டதும்தான் நான் என்ன செய்திருக்கிறேன் என்று விளங்கியது. ஆறு மாதமாக அவள் இந்த ஒரு நாளுக்காகச் சேலையும் பூவும் பார்த்துக்கொண்டு இருந்தவள். மாமா தெரிந்த எல்லோரையும் தொலைபேசியில் கூப்பிட்டார். ஒருவர் வாகனத்திலும் பெற்றோல் இல்லை.

வாசலில் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்த நானாவுக்கு இது எல்லாம் கேட்டிருக்கிறது. கதவடியில் வந்து நின்றார். "பொண்ணு லொறில போறதுக்கு உங்களுக்கு மனசு ஈந்தா, நான் விடியக்க வாறன் சேர். கழுவிட்டுக் கொண்டு வாறன்."

மாமா தர்சினியைப் பார்த்தார். தர்சினி என்னைப் பார்த்தாள். பிறகு நானாவிடம், "ஓம், வாங்கோ" என்றாள்.

மறுநாள் காலை லொறி வந்தது. கழுவியிருந்தார், வாழைக்குருத்தும் கட்டியிருந்தார். மாமி இரண்டு போத்தல் பன்னீரைக் கொண்டுபோய் உள்ளே ஊற்றினார். கருவாடும் பன்னீரும் சேர்ந்து வரும் மணத்துக்குத் தமிழில் சொல் இல்லை, வராமல் இருப்பதே நல்லது. கூறை மாற்றுவதற்கு முன் உடுத்தும் சேலையுடனும் தலை நிறையப் பூவுடனும் தர்சினி முன் சீற்றில் ஏறினாள். மாமா, மாமி, நான், தோழிப்பெண்கள் இருவர் எல்லோரும் பின்னால் பிளாஸ்ரிக் கதிரைகளில். மாமா வேட்டியை ஒரு கையாலும் லொறியின் கம்பியை மறு கையாலும் பிடித்தபடி வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைவரை வந்தார்.

மண்டபத்து வாசலில் நின்ற காவலாளி லொறியைக் கண்டதும் கையைக் காட்டினார். "சாமான் லொறி எல்லாம் பின்னால. கிச்சன் பக்கம் போங்க."

நானா விளக்கப் பார்த்தார். காவலாளி கேட்கவில்லை. அப்போது முன் கதவுக் கண்ணாடி இறங்கி, நெற்றிச்சுட்டியுடன் ஒரு தலை வெளியே வந்தது.

"அண்ணை, சாமான் இல்லை. நான் பொம்பிளை" என்றாள் தர்சினி.

நாதஸ்வரக்காரர் ஊதுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தார். அதைக் கேட்டு அவள் சிரித்தாள். மாப்பிள்ளை வெளியே வந்து, லொறியையும் அவளையும் பார்த்து, இறங்குவதற்குக் கை கொடுத்தான். அன்று காலையில் நான் முதன்முதலாக மூச்சு விட்டது அப்போதுதான். தாலி கட்டும் நேரத்தில் மண்டபத்துப் பூனை ஒன்று மணவறைக்குக் கீழே வந்து பொம்பிளையின் சேலையைவிட்டு அசைய மறுத்ததை மட்டும் ஐயரால் கடைசிவரை பொறுக்க முடியவில்லை.

அன்று ஒருகொடவத்தையில் நின்றவர்கள், யார் யாருக்கு எங்கே பெற்றோல் கிடைக்கிறது என்று சொல்லிக்கொள்ள ஒரு வட்ஸ்அப் குழு தொடங்கினார்கள். ரவி என்னையும் அதில் சேர்த்தார். பெற்றோல் வந்து, வரிசைகள் போய், எல்லாம் பழையபடி ஆன பிறகும் குழு கலையவில்லை. மாமாவும் எப்படியோ உள்ளே வந்துவிட்டார்.

அண்மையில் வளைகுடாப் பக்கம் ஏதோ பதற்றம் என்று செய்தி வந்தது. ரவி குழுவில் குரற்பதிவு அனுப்பினார்: "மிஸ், இப்ப என்னா செய்யலாம்?"

எனக்குப் பழைய பாடம் மறக்கவில்லை. இந்தத் தடவை மிகவும் அவதானமாக, எல்லாச் சாத்தியங்களையும் எடைபோட்டு, நீண்ட பதில் ஒன்று எழுதினேன். பயப்படத் தேவையில்லை, கையிருப்புப் போதும், இன்றைக்கு யாரும் செட்டுக்கு ஓட வேண்டாம் என்று முடித்தேன். ஒருவரும் பதில் போடவில்லை. நம்பிவிட்டார்கள் என்று நான் நினைத்தேன். அரை மணித்தியாலத்தில் ஒவ்வொருவராகப் படம் வரத் தொடங்கியது: நிரம்பிய முள்ளு, நிரம்பிய முள்ளு, நிரம்பிய முள்ளு. எல்லோரும் அடித்து முடித்த பிறகுதான் ஊரில் வரிசை தொடங்கியிருக்கிறது.

"டொக்டர் செல்லி ஒருநாளும் எங்களுக்கு நட்டம் வந்ததில்ல" என்று நஸீர் நானா எழுதினார்.

நான் மாமாவைக் கூப்பிட்டு, நீங்களுமா என்று கேட்டேன்.

"நீ வீட்டில இருக்கச் சொன்னனீ. அதுதான் உடன வெளிக்கிட்டனான்" என்றார்.

அடுத்த நாள் எனக்கு ஒரு விரிவுரை இருந்தது. எரிபொருள் நெருக்கடிகளை முன்கூட்டியே கணிப்பது எப்படி என்பது தலைப்பு. என் காரில் முள்ளு சிவப்புக் கோட்டில் கிடந்ததால் பஸ்ஸில் போனேன்.