ரேடியோவில் நான் செத்துப்போன வியாழக்கிழமை

அன்புத் தங்கை நோரீனுக்கு, அண்ணன் மாலக்கி எழுதிக்கொண்டது. இங்கே நம் ஊர்ப்பக்கம் கிளேரில் நான் உயிரோடு இருக்கிறேன். பாஸ்டனில் நீயும் பிள்ளைகளும் சுகமென்று நம்புகிறேன். என்னைப் பற்றி வேறுமாதிரி யாராவது போன் செய்திருந்தால் நம்பாதே.

நாற்பத்தாறு வருஷமாகப் பாதிரியார், மதுக்கடைக்காரர், குண்டடிபட்டு விழும் போலீஸ்காரர் என்று பத்து நிமிஷத்தில் காணாமல் போகிற வேஷமே கட்டிய உன் அண்ணனுக்கு ஒரு படத்தில் கதாநாயகன் வேஷம் வந்தது, வயதான தபால்காரராக. வியாழக்கிழமை பத்து மணிக்கு டப்ளினிலிருந்து டைரக்டர் போனில் முடிவு சொல்வதாகப் பேச்சு. அன்று காலைச் செய்திக்குப் பிறகு ரேடியோவில் வழக்கம்போலச் சாவு அறிவிப்பு வாசித்தார்கள். செத்தது அடுத்த ஊரில் இருக்கிற, என்னைப்போலவே நம் தாத்தா பெயரை வைத்துக்கொண்ட நம் பெரியப்பா பேரன் மாலக்கி. பெயரைக் கேட்டதும் ஊரைக் கேட்கப் பொறுமையில்லாமல் பக்கத்து வீட்டு ஊனா பன்றிக்கறி சாண்ட்விச் செய்ய ஆரம்பித்துவிட்டாள். நான் குளித்துவிட்டுத் துண்டோடு வந்தால் கூடத்தில் பதினாலு பேர், அடுப்பில் டீ, சாவு வீட்டு வழக்கப்படி கண்ணாடியைத் துணியால் மூடி, கடிகாரத்தையும் நிறுத்தியிருக்கிறார்கள். செத்து விழுவதில் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று கசாப்புக்கடை பாட்சி கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறான். ஊனா என்னைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"நீ சாகலையா? சரி, சட்டையப் போட்டுக்கிட்டு உக்காரு. வந்தவங்க சாப்பிடாமப் போனா நல்லாருக்காது."

உட்கார்ந்தேன். இரண்டாவது சாண்ட்விச்சில்தான் ஊனா அடுத்த இடியைப் போட்டாள்.

"நீ குளிச்சிட்டு வர்றதுக்கு முன்னாடி டப்ளின்லேர்ந்து யாரோ போன் பண்ணாங்க மாலக்கி. போயிட்டாரு, சனிக்கிழமை அடக்கம்னு சொன்னேன். பாவம், அழுதுட்டாருய்யா."

ஓடிப்போய் டைரக்டரைக் கூப்பிட்டேன். என் குரலைக் கேட்டு மனுஷன் போனையே கீழே போட்டுவிட்டார். மறுபடி எடுத்து, வேஷத்தை இன்னொரு நடிகன் கோர்மக்குக்குக் கொடுத்தாகிவிட்டது, கையெழுத்தும் ஆகிவிட்டது என்றார். அரை மணி நேரத்தில், நோரீன்! நிஜமாகவே செத்திருந்தால் உடம்புகூடச் சில்லிட்டிருக்காது. இனி இந்த ஜன்மத்தில் கேமரா முன்னால் நிற்கமாட்டேன் என்று பதினாலு பேர் முன்னால் சத்தியம் செய்துவிட்டேன். இது உறுதி. மாப்பிள்ளைக்கு என் விசாரிப்பைச் சொல். கடவுள் உங்கள் எல்லோருக்கும் நீண்ட ஆயுளைக் கொடுக்கட்டும், ரேடியோக்காரர்களுக்குத் தெரியாமல்.

இப்படிக்கு,
இன்னும் உன் அண்ணன்,
மாலக்கி

பி.கு.: மன்னிப்புக் கேட்க டைரக்டர் நேரில் வந்தார். ஊனா நடந்ததையெல்லாம் சொல்ல, கதையையே மாற்றிவிட்டார். படம் இப்போது தபால்காரருடைய அண்ணன் சாவில் ஆரம்பிக்கிறது. அண்ணன் நான்தான். சத்தியத்துக்குப் பங்கமில்லை, நிற்க வேண்டாம், பெட்டியில் படுத்தால் போதும். படம் முழுக்க எல்லோரும் என்னைப் பற்றித்தான் பேசுகிறார்களாம். கோர்மக்குக்கு அழுவதைத் தவிர வேறு வேலையே இல்லை.