புழு தொட்ட கீரை

ஓட்டை பார்த்துக் கீரை வாங்குபவர் என்றொரு இனம் நைரோபியில் பெருகி வருகிறது. நீங்கள் பார்த்திருப்பீர்கள். சனிக்கிழமை காலை, பள்ளி மைதானத்துச் சந்தையில், சுக்குமா கீரையின் இலை ஒன்றைக் காம்போடு இரண்டு விரலில் தூக்கி, சூரியனுக்கு நேரே பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு நிற்பாரே, அவரேதான். பின்னால் ஏழு பேர் வரிசையில் நிற்பது அவர் முதுகுக்குத் தெரியாது. அவர் எண்ணிக்கொண்டிருக்கிறார். இலையில் மூன்று ஓட்டை இருந்தால் நல்ல கீரை. ஐந்து இருந்தால் உத்தமம். ஒன்றுகூட இல்லையென்றால் முடிந்தது கதை; இலையைக் கீழே போட்டுவிட்டு, பாம்பைத் தொட்டவர்போலக் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொள்வார்.

அவருடைய சாத்திரம் எளிது. பூச்சி தின்ற இலையில் மருந்து இல்லை. பூச்சி தின்னாத இலையில் மருந்து இருக்கிறது. ஆகவே பூச்சி முதலில் சாப்பிட வேண்டும், பிறகு நாம். விருந்தாளிக்கு முதலில் பரிமாறுவது நம் வழக்கம்தானே?

இதில் தொல்லை என்னவென்றால், அவர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. திங்கட்கிழமை மருந்தடித்து, செவ்வாய்க்கிழமை பறித்து, புதன்கிழமை நம் சட்டியில் விழுகிற கீரையை இந்த ஊரில் யார்தான் தின்னவில்லை? சாக்கடைத் தண்ணீரில் செழித்து நிற்கும் கீரைப் பாத்திகளை மட்டாட்டுச் சிற்றுந்தின் சன்னல் வழியே பார்த்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, அன்று மாலை அதையே வாங்கிப்போனவர்கள்தானே நாம்? மருந்தில்லாமல் விளைந்ததைத் தின்றால் உடம்புக்கு நல்லது, மண்ணுக்கு நல்லது, தேனீக்கு நல்லது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்த மூன்று நல்லதையும் ஒரு மனிதர் ஒரே மூச்சில் சொல்லத் தொடங்கினால், கேட்பவர் உடம்புக்கு என்ன ஆகும் என்பதை யாரும் ஆராயவில்லை.

எங்கள் குடியிருப்பில் இந்த இனத்தின் தலைசிறந்த மாதிரி ஜப்லோன் கயேம்பா. என் வீட்டுக்கு மூன்றாம் வீடு. முப்பத்தோரு வருடம் காப்பீட்டுக் கம்பெனியில் சேதம் மதிப்பிடுபவராக இருந்தார். மோதிய காரைச் சுற்றிச் சுற்றி வந்து, பள்ளங்களை எண்ணி, ‘இது பழைய பள்ளம்’ என்று எழுதிவிட்டுப் போகிற வேலை. ஓய்வு பெற்றதும் கார்கள் போய்விட்டன. கண் மட்டும் மிஞ்சியது. அதை அவர் கீரையின்மேல் திருப்பினார்.

மருந்தடிக்காத காய்கறியால் தன் ரத்த அழுத்தம் இறங்கியது, முழங்கால் மடங்கியது என்றெல்லாம் சொல்வார். தன் குறட்டையே நின்றுவிட்டதாகவும், மனைவி இப்போதெல்லாம் புகார் சொல்வதில்லை என்றும் பெருமைப்படுவார். மனைவியைக் கேட்டால், தான் அடுத்த அறைக்குப் போய்விட்டதாகச் சொல்வார். மண்புழுவின் மகிமையை என் வாசலில் நின்று அவர் விளக்கிய இருபத்தைந்து நிமிடமும் அவருடைய பெரிய டீசல் வண்டி, எஞ்சினை அணைக்காமல், என் ரோஜாச் செடிக்குப் புகை போட்டுக்கொண்டிருந்தது. இரண்டு கட்டுக் கீரைக்காக அந்த வண்டியில் நாற்பது கிலோமீட்டர் போய்வருவார். வெள்ளிக்கிழமை மாலை சுட்ட ஆட்டிறைச்சியும் பீரும். ரத்த அழுத்தம்? “ஆடு புல்லைத்தானேய்யா தின்னுச்சு?” என்பார்.

இப்படிப்பட்டவரைச் சும்மா விடுமா நம் ஊர்? சந்தைக் குழுவுக்கு ஆய்வுத் தலைவராக்கினோம். சந்தையில் மேசை போட விரும்பும் விவசாயியின் தோட்டத்துக்கு மூன்று பேர் நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் விதி. வாங்குபவர்கள் சார்பில் கயேம்பாவும் நானும். விளைவிப்பவர்கள் சார்பில் வெங்காயம் பயிரிடும் முதியவர் மகோகா. தலைவர் கையெழுத்துப் போட்டால் மேசை உண்டு. இல்லையென்றால் இல்லை.

அந்தக் காகிதத்துக்காகக் காத்திருந்தவர் நசிமியுவின் அம்மா. கிசேரியன் பக்கம் கால் ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்துக் கீரை போடுகிறவர். முன்பு அவரும் மருந்துப் பம்பை முதுகில் மாட்டிக்கொண்டு நடந்தவர்தான். உள்ளங்கைத் தோல் உரிந்தது, கண்ணில் ஓயாமல் நீர் வடிந்தது, பக்கத்துத் தோட்டத்துத் தேனீப் பெட்டிகள் ஒரே பருவத்தில் காலியாயின. பம்பைக் கழற்றிப் பரணில் போட்டார். ஐந்து வருடமாகச் சாம்பல், பூண்டும் மிளகாயும் அரைத்த தண்ணீர், பிறகு தன் பத்து விரல். அவ்வளவுதான் மருந்து. விளைவு, அவருடைய கீரை இலைகள் புதுத் துணிபோல வழவழவென்று இருந்தன. ஓர் ஓட்டை இல்லை.

புரிகிறதா சிக்கல்? எங்கள் சந்தையில் வேறொருவர் இரண்டு மேசை போட்டு ஓட்டைக் கீரையை அள்ளி அள்ளி விற்கிறார். அவர் எப்போது மருந்தடிக்கிறார் என்று யாரும் கேட்டதில்லை. புழு வயிறு நிறையத் தின்றபிறகு அடிக்கிறார் என்று மகோகா சொல்கிறார், எனக்குத் தெரியாது. நசிமியுவின் அம்மா ஒரு சனிக்கிழமை கூடையோடு வந்து ஓரமாக உட்கார்ந்தபோது, கயேம்பா ஓர் இலையைத் தூக்கிப் பார்த்தார், கீழே போட்டார், கையைத் துடைத்தார். அதைப் பார்த்த மற்றவர்களும் நகர்ந்துவிட்டார்கள். மொத்த வியாபாரி ஒருவர் எல்லாக் கீரையையும் லாரியில் ஏற்றிக்கொள்ளத் தயார். ஆனால் பத்து நாளுக்கு ஒரு முறை, அவர் சொல்கிற மருந்தை அடிக்க வேண்டும். சந்தை இல்லையென்றால் லாரி.

“பரண்ல கெடக்குறதை மறுபடியும் எறக்கணும், அண்ணே,” என்றார் என்னிடம்.

நாங்கள் போன அன்று கயேம்பா பூதக்கண்ணாடி கொண்டுவந்திருந்தார். பாத்திகளுக்கு நடுவே குனிந்து, நிமிர்ந்து, மூன்றாம் பாத்தியில் முட்டி போட்டு, ஒரு மணி நேரம் பார்த்தார். ஓட்டை கிடைக்கவில்லை. சேதமே இல்லாத ஒரு காரை முதல்முறையாகச் சந்தித்தவர்போல் சந்தேகம் முற்றியது.

“பூச்சியே வேண்டாம்னு விட்ட இலைய எங்க ஜனங்க எப்படிம்மா சாப்பிடுவாங்க?”

“அது வேண்டாம்னு விடல ஐயா. நான் விடல. விடியக்காலம் கையால பொறுக்கிடுவேன்.”

“கால் ஏக்கரையுமா?”

“கால் ஏக்கர்தானே இருக்கு.”

பொறுக்கிய புழு எங்கே என்று கேட்டார். கோழிக்குப் போட்டாயிற்று என்றார் அவர். கயேம்பா தன் கோப்பில் எதையோ எழுதினார். எட்டிப் பார்த்தேன். ‘ஆதாரம் அழிக்கப்பட்டுள்ளது.’ முப்பத்தோரு வருடப் பழக்கம், கை தானாக எழுதுகிறது. கோப்பை மூடினார். கையெழுத்து இல்லை என்பது மூடிய சத்தத்திலேயே தெரிந்தது.

ஆனால் புறப்பட முடியுமா? நசிமியுவின் அம்மா புக்குசு இனம். கயேம்பாவும் மகோகாவும் அதே இனம். புக்குசு வீட்டுக்குப் பெரிய மனிதர் வந்துவிட்டுக் கோழி தின்னாமல் போனால், வந்ததாகவே கணக்கில்லை. கூட்டத்திலேயே கொழுத்த ஒரு சிவப்புக் கோழியை அவர் கைகாட்டினார். அதன் காலையும் கழுத்தையும் கயேம்பா தடவிப் பார்த்து உருகிவிட்டார். என்னை அருகே அழைத்து, கடையில் விற்கிற கூண்டுக்கோழி எப்படி வீங்கிய பஞ்சு என்பதையும், ஓடித் திரிந்து, மண்ணைக் கிளறி, தானே இரை தேடித் தின்ற கோழியின் ஒவ்வொரு எலும்பிலும் எப்படி ஆரோக்கியம் ஊறுகிறது என்பதையும் விவரித்தார். கோழி கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு மகோகா அதை வாங்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனார்.

நாங்கள் முற்றத்தில் உட்கார்ந்திருந்தோம். இறகு பிடுங்கிய கோழியை நசிமியுவின் அம்மா ஒரு வாயகன்ற பாத்திரத்தில் வைத்து, எங்கள் எதிரிலேயே சுத்தம் செய்தார். கழுத்தடியில் இரை தங்குகிற பையைக் கத்தியால் கீறினார். பாத்திரத்தில் விழுந்தது பச்சை.

முப்பது நாற்பது புழு இருக்கும். கீரைப் புழு, இலையின் நிறமே. காலையில் விழுங்கியது. ஒன்றிரண்டு இன்னும் நெளிந்தன.

அவர் பாத்திரத்தைக் கயேம்பாவின் பக்கம் நகர்த்தினார்.

“ஐயா கேட்டது.”

கயேம்பா பூதக்கண்ணாடியை எடுக்கவில்லை. “கோழி இதையா தின்னுது?” என்று மெல்லக் கேட்டார். ஓடித் திரிந்து இரை தேடும் கோழி வேறு எதைத் தேடும் என்று நினைத்திருந்தார், எனக்குத் தெரியாது. கோதுமை ரொட்டியாக இருக்கலாம்.

சாப்பாடு வந்தது. ஆவி பறக்கும் உகாலிக் களி, அந்த வழவழப்பான கீரை, கோழிக் குழம்பு. தனித் தட்டில், வெந்து கறுத்த கோழி இரைப்பை, கயேம்பாவின் முன். புக்குசு வீட்டில் இரைப்பை யாருக்குப் போகிறதோ அவர்தான் அன்றைய பெரிய மனிதர். அதைத் தொடாதவர் அந்த வீட்டைத் தொடாதவர். இதைக் கயேம்பாவே எனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார். ஓட்டைகளைப் பற்றிச் சொல்லும்போது காதை மூடிக்கொள்கிற பழக்கத்தில் இதையும் நான் கேட்காமல் விட்டிருந்தேன்.

அவர் தட்டைப் பார்த்தார். புழுப் பாத்திரம் வைத்திருந்த இடத்தைப் பார்த்தார். தட்டை என் பக்கம் தள்ளினார்.

“நீங்க எடுத்துக்கங்க. எனக்கு வயிறு ஒரு மாதிரியா இருக்கு.”

நான் மேரு இனத்தவன், எங்களுக்கு அந்த வழக்கம் இல்லை. எனக்கு அது ஒரு துண்டு இறைச்சி. பசி வேறு. மென்று விழுங்கினேன், நன்றாகவே இருந்தது. நிமிர்ந்தபோது எல்லார் பார்வையும் என் தட்டின்மேல் இருந்தது. மகோகா கையைக் கழுவினார், துடைத்தார், கயேம்பாவின் முழங்கைக்கு அடியில் இருந்த கோப்பை உருவினார், காகிதத்தை எடுத்து என் முன் வைத்தார்.

“அப்போ கையெழுத்து நீங்கதான் போடணும், தலைவரே.”

குழு நியமித்த தலைவர் தான் என்று கயேம்பா தொடங்கினார். மகோகா பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். “நான் எதையும் மாத்தல ஐயா. தட்ட நகத்துனது நீங்க.”

கயேம்பா நாற்காலியில் சாய்ந்தார். நான் கையெழுத்துப் போட்டேன். கட்டைவிரல் எண்ணெயும் ஓரத்தில் பதிந்துவிட்டது. நசிமியுவின் அம்மா காகிதத்தை வாங்கி மடித்து இடுப்புத் துணியில் செருகிக்கொண்டு, தன் உள்ளங்கைகளை ஒரு தரம் திருப்பிப் பார்த்தார். பிறகு இன்னும் கொஞ்சம் உகாலி வைக்கட்டுமா என்று கேட்டார். லாரிக்காரர் மறுநாள் வந்து வெறுங்கையோடு திரும்பினாராம்.

இப்போது சனிக்கிழமைகளில் நசிமியுவின் அம்மாவின் மேசை பத்து மணிக்குள் காலி. வரிசையில் முதலில் நிற்பவர் யார் என்கிறீர்கள்? கயேம்பாவேதான். இந்த அம்மாவைக் கண்டுபிடித்தது தானே என்று பின்னால் இருப்பவர்களுக்குச் சொல்கிறார். இலையைத் தூக்குகிறார், சூரியனுக்கு நேரே பிடிக்கிறார், ஒரு கண்ணை மூடுகிறார். ஓட்டை இருந்தால் கீழே போடுகிறார். “ஓட்டை இருக்குன்னா புழு பொறுக்கலன்னு அர்த்தம்,” என்கிறார். “சோம்பேறி விவசாயம்.” கோழி மட்டும் இப்போது கடையில் வாங்குகிறாராம், கூண்டில் வளர்ந்தது, சுத்தமான தீவனம் தின்றது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நீங்கள் அப்படியில்லை, உங்களுக்கு விவரம் தெரியும். அடுத்த முறை கீரைக்காரம்மாவிடம், ‘இது மருந்தடிக்காததுதானே?’ என்று கேட்பீர்கள். தாராளமாகக் கேளுங்கள், கேட்க வேண்டிய கேள்விதான். அவர் பதில் சொல்லும்போது அவருடைய கைகளைப் பாருங்கள். அங்கே பார்க்கத் தோன்றாமல் உங்கள் கை தானாக ஓர் இலையைத் தூக்கினால், கூச்சப்படாமல் ஒரு கண்ணை மூடிக்கொள்ளுங்கள். அப்போதுதான் நன்றாகத் தெரியுமாம். கயேம்பா சொல்கிறார்.