மந்திர நடவு

முடி முளைக்கிறதாம்! வயலில் நாற்றைப் பிடுங்கி நடுவதுபோல, பின்னந்தலை முடியை எடுத்து முன்மண்டையில் நடுகிறாராம் நடவுச் சித்தர். தெருமுனை வரை வழுக்கைகள் வரிசையில் நின்றன. வெயிலில் எனக்குக் கண் கூசியது.

அந்த வரிசையில் என் மச்சினனும் இருந்தான். பஸ் ஓட்டுகிறவன். எந்த நெரிசலிலும் பதறாதவன், கண்ணாடி முன்னால் நின்றால் மட்டும் அழுதுவிடுவான். "முடி முளைக்காம கல்யாணம் இல்ல மாமா" என்று ஒற்றைக் காலில் நின்றான். என் மனைவி கெஞ்சிக் கெஞ்சித் தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

கல்யாணப் பெண் தோல் ஆஸ்பத்திரியில் நர்ஸ். "எங்க டாக்டரும்தான் முடி நடறார். உங்க பின்னந்தலையிலேர்ந்தே வேரோட ஒண்ணொண்ணா எடுத்து முன்னால ஊணுவார். நாள் முழுக்க ஆகும். நட்டது கொட்டிட்டு, மாசக்கணக்கு கழிச்சுத்தான் வளரும். இவர் மட்டும் டீ ஆறறதுக்குள்ள எப்படி முடிக்கிறார்?"

"அது சயின்ஸ். இது சக்தி!" என்றான் மச்சினன்.

"சரி, போங்க. ஆனா பின்னந்தலையில நான் சிவப்புச் சாயம் பூசித்தான் அனுப்புவேன். உங்க முடிதானே முன்னால வரப்போகுது? பார்ப்போம்."

சிவப்பை மறைக்கத் தொப்பியை மாட்டிக்கொண்டு உள்ளே போனான். சித்தர் இருட்டறையில்தான் நடுவார். வெளிச்சம் பட்டால் மந்திரம் சுருண்டுவிடுமாம். நட்ட பிறகு தண்ணீர் ஊற்றக் கூடாது, தொடக் கூடாது, சந்தேகப்படவும் கூடாது. கொட்டிவிட்டால்? நீ சந்தேகப்பட்டாய், போ! என்ன வசதியான சக்தி, பாருங்கள்.

மச்சினன் வெளியே வந்தான், பின்னாலேயே சித்தரும். முன்னால் கருகருவென்று சுருட்டை முடி. பின்னால் தக்காளிச் சிவப்பு.

"பின்னாலேர்ந்து எடுத்து நட்டேன்னு சொன்னீங்களே சாமி, சிவப்பு எங்கே?" என்றாள் நர்ஸ்.

"ஆகா! நிறத்தையே மாத்திட்டார்!" என்று பெரிய கும்பிடாகப் போட்டார் ஒரு ரிட்டயர்ட் வாத்தியார். இவரிடம் படித்த பிள்ளைகள் பாவம்!

அவள் அவன் பின்னந்தலையில் ஒரு சிவப்பு முடியைப் பிடுங்கி நீட்டினாள். "இதையும் கறுப்பாக்குங்க. எல்லாரும் பார்க்கட்டும்."

"வெளிச்சத்துல வராதும்மா."

"இருட்டுல கொசுகூடத்தான் வரும் சாமி!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. மச்சினன் சிரிக்கவில்லை. நெற்றிக்கு மேல் கை வைத்து இழுத்தான். மொத்த நடவும் பசையோடு கொத்தாக வந்தது. ஒன்றிலும் வேர் இல்லை.

"யோவ், இது யார் முடிய்யா?" என்று கத்தினான்.

சித்தர் பின்வாசலுக்கு ஓடினார். அங்கே சலூனில் பெருக்கி அள்ளிய முடி ஒரு சாக்கு நிறைய இருந்தது. அதில் தடுக்கி அதன்மேலேயே குப்புற விழுந்தார். அவர் வாய் நிறைய முடி!

"கல்யாணம்?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"இந்தத் தலையோடதான் மாமா" என்றான் மச்சினன். அவன் தொப்பியைப் பிடுங்கிக் குப்பைத்தொட்டியில் போட்டாள் அவள். எனக்கு உயிர் வந்தது.

வாத்தியார் என் காதருகே வந்தார். "சார், வேற நல்ல சித்தர் யாராவது தெரியுமா?"

ஐயா, வழுக்கை ஒரு குறையே இல்லை. அதைத் தடவிக்கொண்டே கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வழுக்கைக்குத் தண்ணீரும் தடையில்லை, வெளிச்சமும் தடையில்லை.